லண்டனில் இருந்து போன புது உடுப்புகள்

முன்பின் தெரியாதவர்களின் சட்டைப் பைகளுக்குள் கைவிட்டுப் பார்ப்பது இருபது வருடம் என் வேலையாக இருந்தது. சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை. சம்பளத்துக்கு நான் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையலுக்கு நின்றேன். இது மச்சாள் எனக்குத் தந்த வேலை. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். சரிட்டிக் கடையில், அதுதான் தர்மத்துக்கென்று சனம் கொண்டுவந்து கொடுக்கும் பழைய சாமான்களை விற்கும் கடையில், அவர் ஒரு கோட்டைத் தெரிந்தெடுத்தால் துணியையும் தையலையும் பார்ப்பது அவர். பைகளைப் பார்ப்பது நான். கசங்கிய கடதாசிக் கைக்குட்டை, பஸ் ரிக்கற், பிரிக்காத இனிப்பு, ஒற்றைக் கையுறை, பால் முட்டை என்று யாரோ நடுங்கும் கையால் எழுதிய துண்டு, இப்படித்தான் வரும். ஒருமுறை ஒரு மழைக்கோட்டுப் பையில் நாய்க்குப் போடும் பிஸ்கற் ஒரு பிடி இருந்தது. மச்சாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அந்த நாய் இப்போது யாரோடு இருக்கிறதோ, பாவம் என்றார். கோட்டுக்காரி செத்துப்போனாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஆட்களுக்குச் செத்தவரின் உடுப்பு ஆகாது. செத்த வீட்டுக்குப் போய்வந்த உடுப்பையே வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, முழுகிய பிறகுதான் உள்ளே வருவோம். அப்படிப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் கிழமைக்கு ஒருநாள் போய், யாரோ வெள்ளைக்காரர் விட்டுவிட்டுச் செத்ததை ஆசை ஆசையாகப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். அதற்கு மச்சாள் ஒரு பரிகாரம் வைத்திருந்தார். வாங்கியது நேரே குளியலறைக்குப் போகும். தொட்டியில் உப்பும் மஞ்சள்தூளும் கலந்த தண்ணீரில் எல்லாம் ஊறும். முதல் வருடம் ஒரு வெள்ளை பிளவுஸ் முழு மஞ்சளாக வெளியே வந்தது. அன்றிலிருந்து வெள்ளைக்கு உப்பு மட்டும், கம்பளிக்கு மஞ்சள் தண்ணீரை விரலால் தெளித்தால் காணும் என்று சட்டம் திருத்தப்பட்டது. தொட்டியில் மஞ்சள் கறை ஏன் போகுதில்லை என்று அத்தான், மச்சாளின் கணவர், சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாளும் அவருக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

நான் கலியாணம் முடித்து வந்த முதல் மாரியில்தான் இது தொடங்கியது. கொழும்பில் வாங்கிய மெல்லிய சுவெற்றர் ஒன்றைப் போட்டுக்கொண்டு பல் கிட்டித்து நின்ற என்னை மச்சாள் ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு என்னோடை வாரும். ஆரும் கேட்டா டொக்டரிட்டைப் போறம் எண்டு சொல்லும்" என்றார். தோர்ண்டன் ஹீத்திலேயே இரண்டு சரிட்டிக் கடை இருந்தது. அங்கே அவர் கால் வைக்கமாட்டார். எங்கள் சனம் கண்டுவிடும். பஸ் ஏறி, குரோய்டன் தாண்டி, மேட்டுப் பக்கம் பேர்லிக்குப் போகவேண்டும். பெரிய வீடுகளில் செத்தால்தான் நல்ல துணி வரும் என்பது அவருடைய கணக்கு. அன்று எனக்கு எடுத்துத் தந்த பச்சைக் கோட்டை நான் ஒன்பது மாரி போட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் பெரிய கடையில் மலிவு விற்பனையில் எடுத்தது என்று சொன்னேன். யார் சொல்லித்தந்த பொய் என்று சொல்லவேண்டியதில்லை.

ஒளித்துப் போவதிலும் ஒரு கூத்து நடந்தது. பேர்லிக் கடை ஒன்றில் நாங்கள் நின்றபோது கோயிலில் அடிக்கடி காணும் ஒரு தமிழ் அம்மா கையில் நாலைந்து சட்டையோடு எதிரே வந்தார். அவர் சட்டைகளைப் பொத்தென்று வைத்துவிட்டு, மழைக்கு ஒதுங்கியதாகச் சொன்னார். வெளியே வெயில் எறித்துக்கொண்டிருந்தது. மச்சாளும் சளைக்கவில்லை, வீட்டில் கிடந்த பழசுகளைக் கொடுக்க வந்தோம் என்றார். மூன்று பேரும் சுகம் விசாரித்து, தலையாட்டி, மூன்று திசையில் போனோம். அரைமணித்தியாலம் கழித்து, விட்டுவந்த ஒரு கம்பளிப் பாவாடையின் நினைப்பில் திரும்பிப் போனால் அந்த அம்மாவும் அங்கே நிற்கிறார். வாயைப் பொத்திக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உடுப்புகளைத் துழாவினோம். பஸ்ஸில் வரும்போது மச்சாள் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அந்தக் கடைகளில் எனக்கு என்ன கிடைத்தது என்று இப்போது யோசித்தால், உடுப்பு இரண்டாம் பட்சம்தான். கதவைத் திறந்ததும் ஒரு மணம் வரும். நீராவி பிடித்த துணியும், பழைய புத்தகமும், யாரோ ஒரு காலத்தில் பூசிய பவுடரும் கலந்தது. மூலையில் றேடியோ மெல்லப் பாடும். கல்லாவில் சம்பளம் இல்லாமல் நிற்கும் கிழவிகள் அவசரப்படுத்தமாட்டார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தால் முகம் சுளிக்கமாட்டார்கள். புதுச் சாமான் விற்கும் கடைகளில் ஒரு காவலாளி எங்கள் பின்னாலேயே வருவான். இங்கே எங்களை யாரும் சந்தேகப்பட்டதில்லை. மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு தொங்கும் உடுப்புகளைக் கையால் தடவிக்கொண்டே நடப்பார். விரல் ஓரிடத்தில் நின்றால் அது நல்ல கம்பளி. சில நாள் ஒரே அளவில், ஒரே ஆளின் சேட்டுகள் பதினைந்து இருபது வரிசையாகத் தொங்கும். "ஆரோ பெரிய மனுசன் போயிட்டார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஒரு கணம் நின்று, பிறகு காலர்களைப் பார்க்கத் தொடங்குவார். முழுநாளும் மற்றவர்களுக்காகச் சமைத்து, கழுவி, கூட்டி, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய அந்தக் காலத்தில், கிழமைக்கு அந்த இரண்டு மணித்தியாலம்தான் எங்களுக்கென்று இருந்தது. அதில் சந்தோசமாக இருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் மச்சாள் போனது தனக்காக மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அவருக்கும் என் கணவருக்கும் ஒரு தங்கச்சி. வீட்டின் கடைக்குட்டி, எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டையில் வீட்டை விட்டு ஓடி, திரும்பி, மறுபடி ஓடியவள். வருடத்துக்கு இரண்டு தரம் மச்சாள் அவளுக்கு ஒரு பெட்டி அனுப்புவார். சண்டையில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த காலத்தில் கொழும்பில் ஒருவருக்கு அனுப்பி, அது மாதக்கணக்கில் அங்கே கிடந்து போய்ச்சேரும். அந்தப் பெட்டிக்குள் போன அத்தனையும் பேர்லிக் கடைகளில் எடுத்தவை. அது சின்னவளுக்குத் தெரியாது. அவளுக்கு அக்கா லண்டன் கடைகளில் புதுசு புதுசாக வாங்கி அனுப்புகிறாள்.

தெரியாமல் பார்த்துக்கொள்வது மச்சாளுக்குக் கைவந்த வேலை. அவர் ஒரு லோன்றியில் அயன் பண்ணுபவர். கம்பளியில் உருண்டு கிடக்கும் நூலை பிளேட்டால் வழித்து எடுப்பார். மங்கிப்போன பொத்தானைக் கழற்றி, வேறு உடுப்பில் இருந்து பளிச்சென்ற ஒரு சோடி மாற்றித் தைப்பார். ஆவி பிடித்து, லோன்றியில் கொடுப்பதுபோல் உள்ளே மட்டை வைத்து மடித்து, கண்ணாடிப் பையில் போட்டு ஒட்டினால் யார் பழசென்று சொல்வார்கள்? எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கெட்டித்தனம் செய்வார். கழுத்துப் பட்டியில் ஒரு சின்னத் துண்டு நூலைக் கட்டி, பாதியில் வெட்டிவிடுவார். விலைச் சீட்டை அறுத்து எடுத்த நூல் மிச்சம் நிற்பதுபோல் இருக்கும். விலை தெரிந்தால் தங்கச்சி மனம் வருந்துவாள் என்று அக்கா சீட்டை வெட்டிவிட்டாளாம். முதல் தரம் அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பிறகு வரவில்லை. கெட்டித்தனம் எங்கே முடிந்து பாவம் எங்கே தொடங்கியது என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

அத்தான் மாரடைப்பில் போய் மூன்று வருடம் கழித்து, சின்னவளின் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பெரிய இடம். தாலி கட்டுக்குப் பட்டு வேட்டி. அதற்கு முதல்நாள் நடக்கும் எழுத்துக்கு, அதாவது பதிவுக் கலியாணத்துக்கு, மாப்பிள்ளைக்குக் கோட் சூட். பெரியம்மா லண்டனில் இருந்து அனுப்புவா என்று சின்னவள் சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டாள். மச்சாளோ அப்போது ஒற்றைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். புதுக் கடைகளின் கண்ணாடிக்கு முன்னால் என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்று பார்த்தார். நல்லதை வாங்க எங்களால் ஏலாது. வாங்க ஏலுமானது மாப்பிள்ளைக்குப் போடத் தகாது. மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு கடையில், பொம்மைக்குப் போட்டிருந்தார்கள், கருநீலம், சுத்தமான கம்பளி, உள்ளே பட்டு மாதிரி வழுவழுவென்ற துணி. அளவும் அச்சொட்டு. இரண்டு மூன்று தரத்துக்கு மேல் யாரும் போட்டிருக்கமாட்டார்கள் என்று மச்சாள் தையலைத் தடவிக்கொண்டே சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

அன்று நான் விடியப் போய் குசினியில் நின்றுவிட்டு, வேலை உடுப்போடு நேரே வந்திருந்தேன். குதிக்கால் இரண்டும் விண் விண் என்று வலித்தது. எப்போது வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுவேன் என்றுதான் இருந்தது. வெளிப் பைகள் இரண்டும் கடையில் தைத்த தையல் பிரிக்காமல் அப்படியே இருந்தன. மார்புப் பையைப் பார்த்தேன். உள்ளே இரண்டு பக்கமும் பார்த்தேன். இந்த ஊர் ஆம்பிளைகளின் கோட்டில் இடதுபக்கம் உள்ளே, கீழே, இன்னொரு சின்னப் பை இருக்கும். எத்தனை கோட்டுப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது தெரியும். அன்று கை அங்கே போகவில்லை. பார்த்தாச்சோ என்று மச்சாள் கேட்டார். ஓம் என்றேன். அதிகம் கழுவினால் துணி மினுங்கும் என்று அவர் ஆவி மட்டும் பிடித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கண்ணாடிப் பையில் போட்டு அனுப்பினார். கழுத்தில் அந்த நூலையும் மறக்கவில்லை.

எழுத்தன்று நடந்ததைப் பிறகு பல வாயால் கேட்டேன். மாப்பிள்ளை கையெழுத்து வைத்துவிட்டு, பேனையைக் கோட்டுக்கு உள்ளே செருகப் போயிருக்கிறார். ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் நாலாக மடித்த தடித்த கடதாசி. முன்பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் படம். படத்துக்குக் கீழே பிறந்த நாள், இறந்த நாள். உள்ளே தேவாலயப் பாட்டுகள். இந்த ஊரில் செத்த வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கையில் கொடுக்கும் கடதாசி அது. இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் யாழ்ப்பாணத்தில் அது என்னவென்று யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் செத்தவர் நினைவாக முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகமும் இதே மாதிரித்தானே, முகப்பில் படம், கீழே இரண்டு திகதி. மாப்பிள்ளையின் தாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கல்வெட்டெல்லோ" என்று மட்டும் சொன்னாராம். கலியாண வீட்டுக்குள் கல்வெட்டு. மாப்பிள்ளை நல்ல பிள்ளை; கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, வெறும் சேட்டோடு நின்று படம் எடுத்தார். கலியாணமும் நடந்தது. ஆனால் அந்த வீட்டில் சின்னவளின் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலும், பிள்ளை பிந்தினாலும், அந்தக் கோட்டுக் கதைதான் முதலில் எழும்பியது.

அன்று மத்தியானம் சின்னவளின் போன் வந்தபோது நான் மச்சாள் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாழ்த்துச் சொல்லத் தயாராக மச்சாள் ஓடிப்போய்ப் போனை எடுத்தார். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்து நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு போனை வைத்துவிட்டு வந்து என் எதிரே இருந்தார். "இருவது வருசமும் செத்தவையின்ரை உடுப்போ எங்களுக்கு உடுத்தினனீ எண்டு கேக்கிறாள்" என்றார். நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து, பொக்கற் எல்லாம் பார்த்தனீரோ என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். உள்ளேயும் பார்த்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, நான் உரித்த வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினார். திட்டியிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

சின்னவள் பிறகு அழைக்கவில்லை. மச்சாள் அழைத்தால் வைத்துவிடுவாள். அடுத்து அனுப்பிய பெட்டி பிரிக்காமல் ஒரு கோயில் மடத்துக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். அதன்பிறகு மச்சாள் பெட்டி அனுப்பவில்லை, பேர்லிக்கும் வரவில்லை. என்னைத் தனியாகப் போகச் சொன்னார். இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். எந்தக் கோட்டின் பைக்குள்ளும் கைவிட மனம் வரவில்லை. தொட்டியின் மஞ்சள் கறை மெல்ல மெல்ல வெளுத்துப் போனது. இப்படி ஏழு வருடம். மச்சாளுக்கு முழங்கால் போனது, காது மந்தமானது, லோன்றியும் பூட்டுப்பட்டது. நானும் களைத்துப்போனேன். ஆளை ஆள் பார்த்துத் தேத்தண்ணி குடிப்போம், மழையைப் பற்றிக் கதைப்போம், எழும்பி வருவேன். அவருடைய வாயில் தங்கச்சி பெயர் வராது. பெயரைச் சொல்லாமல் ஒரு ஆளைப் பற்றி இவ்வளவு நேரம் யோசிக்க முடியும் என்று நான் அவரைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

போன வருடம் என் மகள் தோள் அகன்ற பழைய கோட்டொன்றைப் போட்டுக்கொண்டு வந்து மச்சாளுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். சரிட்டிக் கடையில் எடுத்தது என்று பெருமையாகச் சொன்னாள். தன்னுடைய சிநேகிதப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் எடுக்கிறார்களாம்; புதுசு வாங்குவதுதான் வெட்கமாம்; இந்தக் கோட்டின் படத்தைப் போட்டு, எந்தக் கடை என்றும் ஊருக்கெல்லாம் அறிவித்திருக்கிறாளாம். மச்சாள் கையை நீட்டித் துணியைத் தடவிப் பார்த்தார். நல்ல கம்பளி என்றார். மகள் போன பிறகு எனக்கு ஒரு ஆத்திரம் வந்தது, யார்மீது என்று தெரியவில்லை. நாங்கள் டொக்டரிடம் போகிறோம் என்று பொய் சொல்லி, பஸ் மாறி, வெட்கம் தின்று செய்ததை இவள் தெருவில் நின்று கூவுகிறாள். அந்த ஆத்திரத்தில்தான் ஏழு வருடம் வாயில் கிடந்தது வெளியே வந்தது. அன்று அந்தச் சின்னப் பையை நான் பார்க்கவில்லை, உங்களுக்குப் பொய் சொன்னேன், சின்னவள் பேசாமல் போனது என்னால்தான் என்று சொன்னேன்.

மச்சாள் கோபப்படவில்லை. "அதை விடும். பொக்கற்றிலை இருந்த கடதாசியாலை வந்த கோபம் ஒரு மாதத்திலை ஆறியிருக்கும். அவள் கடைசியா ஒண்டு கேட்டவள். அதுக்கு என்னாலை மறுமொழி சொல்ல ஏலாமல் போச்சு" என்றார். என்ன கேட்டவ என்று நான் விடாமல் கேட்டேன். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் என் கணவரின் போனில் இருந்த இலக்கத்துக்கு நானே எடுத்தேன். வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சின்னவள் வைக்கவில்லை. குரல் மெலிந்திருந்தது. பைக் கதையை முழுக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் பெருமூச்சு விட்டாள். பழைய உடுப்பு என்பது முதல் பெட்டியிலேயே தனக்குத் தெரியும் என்றாள். எத்தனை உப்பில் ஊறினாலும் ஒரு ஆள் போட்ட உடுப்பில் முழங்கை மடிந்த இடம் தெரியாமல் போகுமா? சண்டைக் காலத்தில் பழசா புதுசா என்று யார் பார்த்தார்கள். அக்கா அனுப்பினாளே என்றுதான் போட்டோம் என்றாள். அப்படியானால் ஏன் இத்தனை வருடம் என்று கேட்டேன்.

"அண்ணி, அண்டைக்கு அவமானத்திலை நான் கண்டபடி பேசினனான்தான். கடைசியா ஒண்டே ஒண்டு கேட்டனான். நீ இதுகளை உடுத்துவியோ அக்கா எண்டு கேட்டனான். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் அதிலேயே அழுதிருப்பன். அவ வாய் திறக்கேல்லை. தனக்குப் புதுசு, எனக்குச் செத்தவையின்ரை எண்டுதானே அர்த்தம்?"

மச்சாள் ஏன் வாய் திறக்கவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஓம், நானும் அதைத்தான் உடுத்துகிறேன் என்று சொன்னால், லண்டனில் தான் வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு சொல்லில் தங்கச்சிக்குக் காட்டவேண்டும். தன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று அவள் நினைத்தாலும் பரவாயில்லை, ஏழை என்று நினைத்துத் தனக்காக அழக்கூடாது என்று இருந்துவிட்டார். என்ன மனுசியடா இது என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உம்முடைய அக்கா இந்த ஊருக்கு வந்து முப்பது வருடத்தில் தனக்கென்று ஒரு புது உடுப்பு வாங்கி நான் காணவில்லை என்றேன். அத்தானின் செத்த வீட்டில் போட்டிருந்த கறுப்புக் கோட்டும் பேர்லிக் கடையில் எடுத்ததுதான் என்றேன். "நல்லதெல்லாம் உமக்குத்தான் பெட்டியிலை வந்தது. அவ உடுத்தினது அதிலை மிஞ்சினது" என்றேன். போனைப் பார்த்தால் அழைப்பு அறுந்திருந்தது.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஊதி அணைக்கப்போய் இன்னும் பற்றவைத்துவிட்டேனோ என்று பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சாளின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்துத்தான் பேசுவார். அக்கா என்று ஒரு குரல் வந்தது. என் கை நின்றது. மச்சாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஓம் என்றார்.

"அக்கா, இப்ப என்ன உடுத்தியிருக்கிறாய்?" என்று சின்னவள் கேட்டாள்.

மச்சாள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான்தான் சொல்லியிருக்கிறேன் என்று அந்த இடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அப்படியொரு பார்வையை நான் இனி எவரிடமும் வாங்கமாட்டேன். எழும்பிப் போ என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து தன் மேலில் கிடந்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் பார்த்தார். அதன் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கடையிலை எடுத்த பழசு தானடி. ஆற்றையோ தெரியாது. முழங்கை ரெண்டும் தேஞ்சுபோச்சு."

மறுபக்கம் அழுகிற சத்தம் கேட்டது. அது அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எனக்கும் ஒரு சட்டை எடுத்து அனுப்பு அக்கா" என்றாள் சின்னவள். "பழசு எண்டு சொல்லி அனுப்பு."

இருபது வருடமும் தங்கச்சியின் அளவை மச்சாள் கேட்டதே இல்லை. பதினாறு என்று கழுத்துப் பட்டியில் போட்டிருந்தால் சின்னவளுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவார். இந்த ஊர் அளவில் பதினாறு நல்ல உடம்புக்காரிக்கு; எண் குறையக் குறைய ஆள் மெலிவு. இப்போது ஏழு வருடம் போயிருந்தது. "உனக்கு இப்ப என்ன அளவு பிள்ளை?" என்று கேட்டார்.

"எட்டு" என்றாள் சின்னவள்.

மச்சாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துச் சின்னவள் அதையே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.